பெரியம்மாவும் காபி ஃபில்டரும்: டிமென்ஷியா என்றால் உண்மையில் என்ன?

எங்கள் பெரியம்மா ஐம்பது வருடமாகத் தினமும் காலையில் டிகாக்‌ஷன் இறக்கியவர். ஒருநாள் அடுக்களையில் ரொம்ப நேரமாகச் சத்தமே இல்லையே என்று போய்ப் பார்த்தேன். ஃபில்டரின் மேல் பாத்திரம் ஒரு கையில், உள்ளே வைக்கும் குடை இன்னொரு கையில், அப்படியே நின்றுகொண்டிருந்தார். பொடி டப்பா திறந்து கிடந்தது. வெந்நீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது. "என்ன பெரியம்மா?" என்றேன். "இது எதுல வைக்கறது?" என்று கேட்டார்.

அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் அவர் கேட்டதையே திரும்பக் கேட்டதும், பேரப்பிள்ளைகளின் பெயரை மாற்றிக் கூப்பிட்டதும் வீட்டில் கேலிப்பேச்சாகத்தான் இருந்தது. "வயசானா அப்படித்தான்" என்று எல்லாரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன். இன்னொரு பக்கம், நண்பர் ஒருவர், வயது 42, ஒரே வாரத்தில் இரண்டு தடவை பைக் சாவியை எங்கேயோ வைத்துவிட்டார். ராத்திரி முழுக்க வீடியோ பார்த்து, தனக்கு நினைவைக் கெடுக்கும் அல்சைமர் நோய் வந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார்.

இரண்டும் ஒரே குழப்பத்தில் பிறந்த தவறுகள். மறதி என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று சமாச்சாரங்களைப் போட்டு அடைத்து வைத்திருக்கிறோம். ஒன்று, நினைவு தவறுவது. இரண்டு, மூளையில் உண்டாகும் சேதம். மூன்று, மூளைத்திறன்கள் குறைந்து அன்றாட வாழ்க்கையே தடைபடும் டிமென்ஷியா என்கிற நிலை. முதலாவது இருந்தால் மூன்றாவது இருந்தாக வேண்டும் என்பதில்லை. இரண்டாவது ஏராளமாக இருந்தும் மூன்றாவது வராமலே வாழ்ந்து முடித்தவர்கள் உண்டு. ஆராய்ச்சியாளர்களுக்கு இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கவே நூறு வருடம் பிடித்தது.

மொய் எழுதுபவர்

முதலில் நினைவு எப்படிப் பதிகிறது என்று பார்ப்போம். கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு, நோட்டும் பேனாவுமாக ஒருவர் மொய் எழுத உட்கார்ந்திருப்பார். வருகிறவர் பெயர், ஊர், தொகை. கல்யாணம் முடிந்ததும் அந்த நோட்டு வீட்டுப் பீரோவுக்குப் போய்விடும். அங்கே அப்பா கல்யாணத்து நோட்டு, அத்தை கல்யாணத்து நோட்டு எல்லாம் ஏற்கெனவே பத்திரமாக இருக்கும்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மொய் எழுதுபவர் மயங்கிப் படுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பீரோவில் இருக்கும் பழைய நோட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முப்பது வருடத்துக்கு முன் மேலத்தெருக்காரர் 51 ரூபாய் வைத்தார் என்று இப்போதும் படிக்கலாம். ஆனால் பன்னிரண்டு மணிக்கு மேல் வந்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. வந்தார்கள், சாப்பிட்டார்கள், கவரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வந்ததற்குத்தான் சாட்சி இல்லை.

மூளையில் மொய் எழுதும் வேலையைப் பார்க்கும் பகுதிக்கு ஹிப்போகாம்பஸ் என்று பெயர். காதுக்கு நேர் உள்ளே, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருக்கிறது. வளைந்து கடற்குதிரை மாதிரி தெரிந்ததால் அந்தப் பெயர் வைத்தார்கள். இன்று நடந்ததை முதலில் பதிவது இதுதான். நாளடைவில் அந்த நினைவுகள் மூளையின் மேல் அடுக்கான புறணி முழுக்கப் பரவி நிலைபெறுகின்றன. புறணிதான் பீரோ.

"அம்மாவுக்கு நினைவு நல்லாத்தான் இருக்கு, அந்தக் காலத்துக் கதையெல்லாம் அப்படியே சொல்றாங்களே" என்று சொல்வோம் இல்லையா? அது பீரோ நன்றாக இருப்பதைத்தான் காட்டுகிறது. வாசலில் மொய் எழுதுகிறவர் விழித்திருக்கிறாரா என்று தெரிய வேண்டுமென்றால், இன்று காலை யார் வந்தார்கள், என்ன டிபன் என்று கேட்க வேண்டும்.

கண்ணாடியில் வரைந்த நட்சத்திரம்

இது வெறும் உவமை இல்லை என்று உலகத்துக்குக் காட்டியவர் ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கர். உயிரோடு இருந்தவரை ஆய்வுக் கட்டுரைகளில் எச்.எம். என்ற முதலெழுத்துகளால் மட்டுமே அறியப்பட்டார். கடுமையான வலிப்பு நோய். 1953-ல், அவருக்கு 27 வயதில், வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை நிபுணர் வலிப்பை அடக்குவதற்காக இரு பக்கத்து ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் அதைச் சுற்றியிருந்த பகுதிகளையும் எடுத்துவிட்டார். அந்தப் பகுதியின் வேலை என்னவென்று அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது.

வலிப்பு குறைந்தது. புத்திக்கூர்மை குறையவில்லை. சிறுவயது ஞாபகங்கள் இருந்தன. ஆனால் அதற்குப் பிறகு 2008-ல் இறக்கும்வரை, ஐம்பத்தைந்து வருடம், புதிதாக நடந்த எதையும் அவரால் வைத்துக்கொள்ள முடியவில்லை. பேசிவிட்டு வெளியே போன மருத்துவர் திரும்பி வந்தால் புது ஆள்.

கனடாவின் மாண்ட்ரியாலைச் சேர்ந்த பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் இவரிடம் ஒரு சோதனை செய்தார். காகிதத்தில் ஒரு நட்சத்திரம். அதன் இரட்டைக் கோட்டுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். ஆனால் கையை நேராகப் பார்க்கக் கூடாது, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து வரைய வேண்டும். செய்து பாருங்கள், முதல் தடவை பென்சில் தாறுமாறாக ஓடும். எச்.எம்.முக்கும் அப்படித்தான் ஓடியது. மூன்று நாள் தொடர்ந்து செய்யச் சொன்னார்கள். ஒவ்வொரு நாளும் அவர் 'இதை நான் இதுவரை செய்ததே இல்லை' என்ற நினைப்போடுதான் உட்கார்ந்தார். கை மட்டும் நாளுக்கு நாள் தேறிக்கொண்டே போனது. மூன்றாம் நாள் அவருக்கே ஆச்சரியம், இவ்வளவு சுலபமாக இருக்கிறதே என்று.

இதிலிருந்து கிடைத்தது மிகப்பெரிய பாடம். நினைவு என்பது ஒரே பொருள் இல்லை. நேற்று மாமா வந்தார் என்பது நிகழ்வு நினைவு. அதற்கு ஹிப்போகாம்பஸ் வேண்டும். சைக்கிள் விடுவது, பூத் தொடுப்பது எல்லாம் கைப்பழக்க நினைவு. அது மூளையின் வேறு இடங்களில் குடியிருக்கிறது. வங்கியிலிருந்து வரும் ஆறு இலக்க ஓ.டி.பி.யைத் தட்டி முடிக்கும்வரை மனதில் பிடித்து வைத்திருக்கிறோமே, அது செயல் நினைவு. அரை நிமிடத்து ஆயுள் அதற்கு. எச்.எம்.முக்கு அதுவும் சரியாகவே இருந்தது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பதிவது ஓரிடம், நிலைப்பது ஓரிடம், கைப்பழக்கம் வேறிடம். ஒன்று கெட்டால் மற்றதெல்லாம் சேர்ந்து கெடாது.

வயதானால் என்ன ஆகிறது?

வேகம் குறைகிறது. பெரும்பாலும் அவ்வளவுதான். அறுபதைத் தாண்டியவருக்குப் புதிய போனைப் பழக அதிக நேரம் ஆகும். டிவி ஓடும்போது பேசினால் கவனம் பிசகும். தெரிந்தவர் பெயர் நுனிநாக்கில் வந்து நிற்கும், வெளியே வராது. சாயங்காலம் குளித்துக்கொண்டிருக்கும்போது தானாக வரும். சொல்வளமும் பொது அறிவும் பெரும்பாலோருக்கு எழுபதிலும் குறைவதில்லை. குறுக்கெழுத்துப் போட்டியில் தாத்தாவிடம் தோற்றவர்களுக்கு இது தெரியும்.

சாவி தொலைத்த நண்பருக்கு வருவோம். அவர் சாவியை வைத்த இடத்தை மறக்கவில்லை. முதலில் அது பதியவே இல்லை. போனில் பேசிக்கொண்டே வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறார். மொய் எழுதுபவர் பக்கத்து ஆளோடு அரட்டையில் இருந்தால் சில பெயர்கள் விட்டுப்போகும். அதற்காக அவருக்கு வியாதி என்று சொல்ல முடியாது. தூக்கம் கெட்டாலும், மனக்கவலை இருந்தாலும் இப்படி விட்டுப்போவது கூடும்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனிக்கலாம். வயதால் வரும் மறதியில் ஒரு குறிப்புக் கொடுத்தால் நினைவு திரும்பிவிடும். "போன வாரம் கல்யாணத்துக்குப் போனோமே, அந்த நெய்ப் பொங்கல்?" என்றால் "அட, ஆமாம்" என்பார். அல்சைமரில் அப்படி இல்லை. எத்தனை குறிப்புக் கொடுத்தாலும், போனதாகவே இருக்காது. எழுதாத பக்கத்தில் எதைப் படிப்பது? (இது கதவு திறந்து மூடுவதுபோலத் துல்லியமான சோதனை கிடையாது. வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.)

காய்ச்சல் போல ஒரு சொல்

டிமென்ஷியா என்பது ஒரு நோயின் பெயர் என்றே பலரும் நினைக்கிறார்கள். காய்ச்சல் என்பது எப்படி ஒரு தனி நோய் இல்லையோ அப்படித்தான் இதுவும். காய்ச்சலுக்குக் காரணம் டெங்குவாக இருக்கலாம், டைஃபாய்டாக இருக்கலாம். டிமென்ஷியாவுக்கும் அடியில் ஏதோ ஒரு நோய் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 100 பேரில் 60 முதல் 70 பேருக்கு அடியில் இருப்பது அல்சைமர். அடுத்தது ரத்தக்குழாய் அடைப்பால், சிறுசிறு பக்கவாதங்களால் வருவது. இன்னும் சில வகைகள் இருக்கின்றன. சிலவற்றில் மறதி முதலில் வருவதே இல்லை. நடத்தை மாறும், அல்லது இல்லாதது கண்ணுக்குத் தெரியும்.

ஒருவருக்கு டிமென்ஷியா என்று சொல்ல மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். நினைவு, மொழி, திட்டமிடுதல், வழி அறிதல் போன்ற மூளைத்திறன்கள் குறைந்திருக்க வேண்டும். அவர் முன்பு இருந்த நிலையிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். அந்த இறக்கம் அன்றாட வாழ்க்கையைத் தடுக்க வேண்டும். பெரியம்மாவின் ஃபில்டரைப் பாருங்கள். அங்கே போனது வெறும் ஞாபகம் மட்டுமில்லை. குடை, பொடி, வெந்நீர், மூடி என்ற வரிசை கலைந்துவிட்டது. வரிசைப்படுத்துவது மூளையின் முன்பகுதி அதிகம் ஈடுபடும் வேலை.

'அன்றாட வாழ்க்கையைத் தடுப்பது' என்ற அளவுகோலில் நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. எழுபது வயதுக்காரர் எதையும் செய்ய வேண்டாம் என்று உட்கார வைத்துவிடுகிறோம். மருமகள் சமைக்கிறாள், மகன் பேங்குக்குப் போகிறான், மாத்திரையை எடுத்துக் கையில் கொடுக்கிறோம். அவரால் முடியாமல் போனது வெளியே தெரிய வழியே இல்லை. மனைவி இறந்த பிறகுதான் பல ஆண்களின் நிலை வெளிச்சத்துக்கு வருகிறது. துக்கத்தால் புத்தி தடுமாறிவிட்டது என்று ஊர் சொல்லும். நாலைந்து வருடமாக அந்த அம்மாள் முட்டுக்கொடுத்து வைத்திருந்தது யாருக்கும் தெரிந்திருக்காது.

யாழ்ப்பாணத்தில் 'அறளை பெயர்ந்துட்டுது' என்பார்கள். இங்கே 'குழந்தை மாதிரி ஆயிட்டார்' என்போம். இரண்டிலும் இரக்கம் இருக்கிறது. கூடவே, இது இயற்கைதானே, மருத்துவரிடம் என்னத்தைச் சொல்ல என்ற ஒரு கை விரிப்பும் இருக்கிறது. 2023-ல் வெளியான ஒரு தேசிய ஆய்வின் மதிப்பீட்டின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது. அதாவது 60 தாண்டிய 100 பேரில் 92 பேருக்கு மேல் அது இல்லை. வயதானாலே வந்துவிடும் என்பது இதிலேயே அடிபட்டுப் போகிறது.

டிமென்ஷியா போலவே தோன்றி, காரணத்தைச் சரிசெய்தால் தேறக்கூடியவையும் உண்டு: தைராய்டு குறைவு, பி 12 வைட்டமின் பற்றாக்குறை, மனச்சோர்வு, சில மாத்திரைகள், கீழே விழுந்ததில் தலைக்குள் மெதுவாகக் கசிந்த ரத்தம். குறிப்பாக ஒன்று. நேற்று ராத்திரி வரை நன்றாக இருந்தவர் இன்று காலையில் சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்றால் அது பெரும்பாலும் டிமென்ஷியாவின் நடை அல்ல. டிமென்ஷியா மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இறங்குவது. ஒரே ராத்திரியில் வருவதைப் பழைய ஆட்கள் ஜன்னி என்றார்கள். இன்று வார்டுக்கு வார்டு கேட்கும் பேச்சு, "சோடியம் குறைஞ்சிருச்சாம்". சிறுநீர்த் தொற்று, நீர்வற்றல், சோடியம் குறைவு ஆகியவை முதியவர்களை ஒரே நாளில் புரட்டிப் போட்டுவிடும். அது அவசர மருத்துவம். வயசாச்சு என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

சரி, இந்தப் பகுதியின் சாரம்: டிமென்ஷியா ஒரு நிலை, அல்சைமர் அதற்கான காரணங்களில் ஒன்று. இரண்டும் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் அல்ல.

முட்டைகோஸா, கீரையா?

1901 நவம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரத்து மனநல மருத்துவமனைக்கு அகஸ்ட டெட்டர் என்ற 51 வயதுப் பெண்ணை அழைத்து வந்தார்கள். வீட்டில் முதலில் தெரிந்தது மறதிகூட இல்லை. கணவர் மேல் திடீர்ச் சந்தேகம். அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் அவரிடம் பேசியதை அப்படியே எழுதி வைத்தார். உங்கள் பெயர்? அகஸ்ட. குடும்பப் பெயர்? அகஸ்ட. கணவர் பெயர்? அகஸ்ட என்று நினைக்கிறேன். மத்தியானம் அவர் காலிஃபிளவரும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், கீரை என்றார். காலிஃபிளவரை முட்டைகோஸ் என்றிருந்தாலாவது பக்கத்தில் வந்திருக்கும். அந்தக் கோப்பு காணாமல் போய், 1995-ல்தான் ஃபிராங்ஃபர்ட்டில் திரும்பக் கிடைத்தது.

1906 ஏப்ரலில் அகஸ்ட இறந்தார். அப்போது மியூனிக்கில் வேலை பார்த்த அல்சைமர் அவருடைய மூளையை வரவழைத்து, மெல்லிய சீவல்களாக்கி, வெள்ளிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். இரண்டு விதமான படிவுகள் தெரிந்தன. நரம்புச் செல்களுக்கு வெளியே திட்டுத்திட்டாக ஒன்று. செல்களுக்கு உள்ளே நூல் சிக்கியது போல ஒன்று. அந்த வருடம் நவம்பரில் டூபிங்கன் நகரத்துக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது சபையில் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. 1910-ல் அவருடைய மேலதிகாரி எமில் கிரேப்பலின் தன் பாடநூலில் இதற்கு அல்சைமர் நோய் என்று பெயர் வைத்தார்.

அந்த இரண்டையும் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். வெளியே இருக்கும் திட்டுகள் அமிலாய்டு என்ற புரதத் துணுக்குகளால் ஆனவை. எல்லார் மூளையிலும் இந்தத் துணுக்கு உருவாகிறது, வெளியேறியும் விடுகிறது. வெளியேறுவது குறைந்தாலோ உற்பத்தி கூடினாலோ ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டிப்போகிறது. உள்ளே இருக்கும் சிக்கல் டௌ என்ற புரதம். செல்லுக்குள் சத்துகளைக் கொண்டுபோகத் தண்டவாளம் மாதிரி மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. டௌ அவற்றைப் பிடித்து நிறுத்தும் ஸ்லீப்பர் கட்டை. நோயில் கட்டைகள் கழன்று ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்கின்றன. தண்டவாளம் தளர்கிறது, சரக்கு போய்ச் சேராமல் செல் மெல்ல வாடி, பக்கத்துச் செல்களோடு இருந்த இணைப்புகளை இழந்து, கடைசியில் சாகிறது.

டௌ சிக்கல் பெரும்பாலும் முதலில் பிடிப்பது ஹிப்போகாம்பஸையும் அதன் வாசலையும். பெரியம்மாவுக்குப் பழையது இருந்து புதியது போனதன் காரணம் இதுதான். மயங்கி விழுந்தவர் மொய் எழுதுபவர். இன்னொன்று, அமிலாய்டு படியத் தொடங்குவது அறிகுறி தெரிவதற்கு 15, 20 வருடம் முன்பாக. எழுபதில் தெரிய வருவது ஐம்பதுகளில் தொடங்கிய கதை.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு கண்டுபிடித்த பிறகும் மருத்துவ உலகமே அரை நூற்றாண்டு 'வயசானா அப்படித்தான்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அல்சைமர் நோய் என்றால் அகஸ்ட போல நடுவயதில் வரும் அபூர்வ நோய். எண்பது வயதில் வந்தால் அது வெறும் மூப்பு. 1960-களில் இங்கிலாந்தின் நியூகாசிலில் முதியவர்களின் மூளைகளைப் பரிசோதித்தவர்கள் அதே திட்டுகளையும் சிக்கல்களையும் கண்டார்கள். 1976-ல் ராபர்ட் காட்ஸ்மன் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர், இரண்டும் ஒரே நோய்தான், வயதைக் காட்டி ஒதுக்கிவைத்ததால் எத்தனை பெரிய கொலையாளியை நாம் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறோம் பாருங்கள் என்று எழுதினார். அப்புறம்தான் பணமும் ஆராய்ச்சியும் இந்தப் பக்கம் திரும்பின.

கன்னியாஸ்திரீகளின் மூளை

இதுவரை கதை நேர்க்கோட்டில் வருகிறது: படிவு சேர்ந்தால் செல் சாகும், செல் செத்தால் டிமென்ஷியா. இங்கேதான் அது வளைகிறது.

1986-ல் டேவிட் ஸ்னோடன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் மின்னசோட்டாவில் ஒரு கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீ சபையை அணுகினார். ஏன் கன்னியாஸ்திரீகள்? ஒரே சாப்பாடு, ஒரே மாதிரி வீடு, ஒரே மருத்துவ வசதி, புகை இல்லை, பிள்ளைப்பேறு இல்லை. சாதாரண மக்களை ஒப்பிடும்போது குறுக்கே வந்து குழப்பும் நூறு காரணங்கள் இங்கே தானாகவே ஒதுங்கிவிடுகின்றன. 75 வயதைக் கடந்த 678 சகோதரிகள் ஆண்டுதோறும் நினைவுச் சோதனைக்கு உட்காரவும், இறந்த பிறகு மூளையைக் கொடுக்கவும் சம்மதித்தார்கள்.

அவர்களில் ஒருவர், கட்டுரைகளில் சகோதரி மேரி என்று அழைக்கப்படுபவர், 101 வயதில் இறந்தார். இறப்பதற்குக் கொஞ்சம் முன்புவரை சோதனைகளில் நல்ல மதிப்பெண். மூளையைத் திறந்து பார்த்தால் திட்டுகளும் சிக்கல்களும் ஏராளம். நுண்ணோக்கியை மட்டும் பார்ப்பவர் 'கடுமையான அல்சைமர்' என்று எழுதிவிடுவார். அவரோடு பேசியவர் அப்படி ஒருபோதும் சொல்லியிருக்க மாட்டார்.

இது அவர் ஒருவரோடு நிற்கவில்லை. பல நாடுகளில், பல ஆய்வுகளில், மூளை நிறையப் படிவு இருந்தும் வாழ்நாள் முழுக்கத் தெளிவாக இருந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கன்னியாஸ்திரீகளில் இன்னொன்றும் தெரிந்தது: ஒரே அளவு படிவு இருந்தாலும், கூடவே சின்னச்சின்னப் பக்கவாதத் தழும்புகளும் இருந்தவர்களுக்கு டிமென்ஷியா வெளிப்படுவது மிக அதிகமாக இருந்தது. தனியாக வந்திருந்தால் தாங்கியிருக்கும், இரண்டும் சேர்ந்ததால் சாய்ந்தது.

சேதத்துக்கும் அறிகுறிக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளிக்கு, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் யாகோவ் ஸ்டெர்ன் போன்றவர்கள் வைத்த பெயரை அறிவுக் கையிருப்பு என்று தமிழில் சொல்லலாம். சென்னையில் மெட்ரோ ரயிலுக்காக மெயின் ரோட்டைத் தோண்டிப் போட்டால் என்ன ஆகிறது? அந்த ஒரு ரோடு மட்டும் தெரிந்தவர் அங்கேயே நிற்பார். நாற்பது வருடம் ஆட்டோ ஓட்டியவர் கோயில் சந்தில் நுழைந்து, ரேஷன் கடைப் பக்கம் திரும்பி, ஐந்து நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்துவிடுவார். பள்ளம் இருவருக்கும் ஒன்றுதான். தெரிந்த சந்துகளின் எண்ணிக்கை வேறு. படிப்பு, சிக்கலான வேலை, பழகும் மனிதர்கள், பல மொழி ஆகியவை மூளைக்குள் சந்துகளைக் கூட்டுகின்றன என்பது இந்தக் கருத்து.

இதில் கசப்பான ஒரு விளைவும் உண்டு. கையிருப்பு அதிகம் உள்ளவர்களுக்கு அறிகுறி தாமதமாக வருகிறது. வந்த பிறகு வேகமாக இறங்குகிறது. உள்ளே சேதம் அதற்குள் வெகுதூரம் போயிருக்கும். கடைசிச் சந்தும் அடைபட்ட அன்றுதான் ஆட்டோக்காரர் நிற்கிறார். "போன வருஷம் வரைக்கும் கணக்கு வாத்தியார் எவ்வளவு தெளிவா இருந்தார், ஒரே வருஷத்துல இப்படி ஆயிட்டாரே" என்று ஊரில் சொல்வதில் இந்த இயக்கவியல் ஒளிந்திருக்கலாம்.

மொழி பற்றிய பங்களிப்பு நம் பக்கத்து ஊரிலிருந்தே வந்தது. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிறுவனத்துக்கு வந்த 648 டிமென்ஷியா நோயாளிகளை சுவர்ணா அல்லாடியும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். ஒரு மொழி மட்டும் பேசுபவர்களைவிட, இரண்டோ அதற்கு மேலோ பேசுபவர்களுக்கு அறிகுறி சராசரியாக நாலரை வருடம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. மேலை நாடுகளில் இரண்டு மொழிக்காரர்கள் பலர் குடியேறியவர்களாக இருப்பார்கள். படிப்பும் வசதியும் குறுக்கே வந்து குழப்பும். ஹைதராபாத்தில் தெருவில் இறங்கினாலே தெலுங்கு, உருது, இந்தி என்று மூன்று மொழி. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் இந்தத் தாமதம் தெரிந்தது முக்கியமான செய்தி. ஆனால் மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் பார்த்த ஆய்வு இது. வேறு இடங்களில் ஆட்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வுகளில் எல்லாவற்றிலும் இதே முடிவு கிடைக்கவில்லை. அதனால், ஆறே மாதத்தில் இந்தி படித்தால் அல்சைமர் வராது என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம்.

கன்னியாஸ்திரீகள் இளவயதில், சராசரி 22 வயதில், எழுதிய தன்வரலாறுகள் மடத்தில் பத்திரமாக இருந்தன. கருத்துச் செறிவு குறைவாக எழுதியவர்களுக்கு அறுபது வருடத்துக்குப் பக்கமான இடைவெளியில் அல்சைமர் அதிகம் வந்திருந்தது. நன்றாக எழுதியதால் மூளை காக்கப்பட்டதா, அல்லது அந்த வயதிலேயே மூளையில் இருந்த ஏதோ ஒன்று எழுத்திலும் தெரிந்ததா? இரண்டாவதற்கும் இடம் இருக்கிறது. சேர்ந்து வருவது எல்லாம் காரணம் ஆகிவிடாது என்பதை இந்தத் துறையில் அடிக்கடி நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சுருக்கிச் சொன்னால்: மூளையில் சேதம் ஒரு கணக்கு, அதைத் தாங்கும் திறன் இன்னொரு கணக்கு. வெளியே தெரிவது முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்த மீதி.

மருந்தும் வல்லாரையும்

கணக்கு இரண்டு என்பதால் வழியும் இரண்டு. சேதத்தைக் குறைப்பது ஒன்று. அமிலாய்டை அகற்றும் லெக்கனமாப் என்ற மருந்துக்கு 2023-ல் அமெரிக்கா முழு அனுமதி கொடுத்தது. ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும், ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவது. 18 மாதச் சோதனையில் இறக்கத்தை 27 சதவீதம் மெதுவாக்கியது. நிறுத்தவில்லை, போனதைத் திருப்பவில்லை. சிலருக்கு மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் உண்டாயின. தலைப்புச் செய்திகளில் வந்த 'அற்புத மருந்து' என்ற சொல் என்னைப் பொறுத்தவரை அவசரம்.

தாங்கும் திறனையும் பொதுவான மூளை நலத்தையும் பேணுவது மற்றது. லான்செட் இதழின் நிபுணர் குழு 2024-ல் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவை எல்லாவற்றையும் ஒழிக்க முடிந்தால் உலகில் டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது கணக்கு. இது மக்கள்தொகை முழுமைக்குமான கணக்கு. தனி ஒருவருக்கு 45 சதவீத உத்தரவாதம் என்று படிக்கக் கூடாது. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, கெட்ட கொழுப்பு போன்ற தெரிந்த பெயர்களோடு பலர் எதிர்பார்க்காத ஒன்றும் அதில் இருக்கிறது: காது கேளாமை. நடுவயதிலேயே காது மந்தமாகி, மெஷின் வைத்துக்கொள்ள வெட்கப்பட்டு, பேச்சிலிருந்தே ஒதுங்கிவிடும் ஆட்களை எல்லாக் குடும்பத்திலும் பார்க்கலாம். கண்பார்வை குறைவதைக் கவனிக்காமல் விடுவதும் புதிதாகப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது.

வல்லாரை? துவையலாக அரைத்தால் பிரமாதமாக இருக்கும். டிமென்ஷியாவைத் தடுக்கும் என்று உறுதியாகக் காட்டிய மனித ஆய்வு இல்லை. ருசிக்காகச் சாப்பிடுங்கள்.

பெரியம்மாவுக்கு இப்போது ஃபில்டர் வேலை இல்லை. ஆனால் விடிகாலையில் யாரும் சொல்லாமலே எழுந்து, வாசல் தெளித்து, பதினைந்து புள்ளிக் கோலம் போடுகிறார். ஒரு புள்ளி பிசகுவதில்லை, ஒரு இழை விடுபடுவதில்லை. உள்ளே போய் முகம் கழுவிவிட்டு, அரைமணி நேரத்தில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு மறுபடி வருகிறார். வாசலைப் பார்த்து நிற்கிறார். "யாருடி போட்டது? புள்ளி எல்லாம் எவ்வளவு நேரா இருக்கு" என்கிறார்.